பெயர் என்ன, பிறந்த தேதி என்ன: ஒரு பேஸ்பால் கார்டு கடையின் பிறந்தநாள் ஃப்ரேம்

பிரசவ வார்டில் நர்ஸாக இருக்கிறேன். ஒரே ஒரு மாத்திரை கொடுப்பதாக இருந்தாலும் முதலில் இரண்டு கேள்வி கேட்டாக வேண்டும்: பெயர் என்ன, பிறந்த தேதி என்ன. அரை மணி நேரத்துக்கு முன்புதான் கேட்டிருப்பேன், வலியில் இருக்கிறவருக்கு எரிச்சல் வரும், இருந்தாலும் கையில் கட்டிய பட்டையைப் பார்த்து மறுபடி கேட்பேன். ஒரே பெயரில் இரண்டு பேர் ஒரே தளத்தில் படுத்திருந்த ராத்திரிகளை நான் பார்த்திருக்கிறேன். இந்தப் பழக்கம், பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் போட்ட கார்டுகளை விற்கிற ஒரு கடையில் எனக்கு உதவும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

கடை பிட்ஸ்பர்க்குக்குத் தெற்கே, மொனொங்கஹேலா ஆற்றோரம் இருக்கிற ஒரு சின்ன ஊரில். பெயரை எழுதப் போவதில்லை. குறையும் சொல்லப் போகிறேன். ஒரு வயதானவரும் ஒரு உதவிப் பையனும் நடத்துகிற கடை, பெயர் போட்டுக் குறை எழுத எனக்கு மனசு வரவில்லை. பிட்ஸ்பர்க் பக்கம் இருப்பவர்கள் தேடினால் கண்டுபிடித்துவிடலாம்.

அங்கே செய்து தருவதைப் "பிறந்தநாள் ஃப்ரேம்" என்கிறார்கள். நீங்கள் ஒரு தேதியைச் சொல்ல வேண்டும். அந்தத் தேதியில் பிறந்த ஆட்டக்காரர்களில் இரண்டு அல்லது மூன்று பேரைத் தேர்ந்தெடுத்து, அவர்களுடைய கார்டுகளைக் கறுப்பு அட்டையில் பதித்து, முன்னால் கண்ணாடி போட்டுத் தருவார்கள். பின்பக்கம் ஒரு உறையில், இவர்களை ஏன் சேர்த்தோம் என்று தட்டச்சு செய்த ஒரு தாள் இருக்கும். இரண்டு கார்டு என்றால் 45 டாலர், மூன்று என்றால் 60. பத்து நாள் ஆகும்.

என் மகன் பிறந்தது ஜனவரி 31. சிறுவர்களுக்கான பேஸ்பால் போட்டியான லிட்டில் லீக்கில் ஆடுகிறான். ஆடுகிறான் என்பதைவிட மைதானத்தின் வலது ஓரத்தில் நின்று மேகம் பார்க்கிறான் என்பதுதான் சரி. பதினோராவது பிறந்தநாளுக்கு இன்னொரு வீடியோ கேம் வேண்டாம் என்று முடிவு செய்து, நைட் ஷிப்ட் முடிந்த ஒரு காலையில் கண் எரிச்சலோடு அந்தக் கடைக்குள் போனேன். கடைக்காரருக்கு எழுபது வயது இருக்கும். தேதியைச் சொன்னதும் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. "கொடுத்து வைத்த பையன்" என்றார்.

ஜனவரி 31 என்றால் ஜாக்கி ராபின்சன், எர்னி பேங்க்ஸ், நோலன் ரயன். முறையே 1919, 1931, 1947. மூன்று பேருமே கூப்பர்ஸ்டவுனில் இருக்கும், பேஸ்பால் ஜாம்பவான்களைக் கௌரவிக்கிற ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பிடித்தவர்கள்.

எனக்கு அப்போது ராபின்சன் பெயர் மட்டும்தான் தெரியும். ஒரே தேதியில் மூன்று ஜாம்பவான்களா என்று நான் வாயைப் பிளந்ததும் கடைக்காரரே என்னை அடக்கினார். பெரிய லீக்குகள் எனப்படும் உச்சகட்டத் தொழில்முறைப் போட்டிகளில் இதுவரை இருபதாயிரம் பேருக்கு மேல் ஆடியிருக்கிறார்கள். வருடத்தின் நாட்களுக்குப் பங்கு போட்டால் நாளுக்கு ஐம்பது அறுபது பேர் தேறுவார்கள். ஒரு அணியில் இருக்கிற 26 பேரை மட்டும் எடுத்துக்கொண்டால்கூட, யாராவது இருவருக்குப் பிறந்தநாள் ஒன்றாக இருக்கப் பாதிக்கு மேல் வாய்ப்பு இருக்கிறது. வார்டில் இருப்பவளுக்கு இது புதிதில்லை. ஒரே ராத்திரியில் ஏழு குழந்தை பிறக்கும், ஏழும் ஏழு ஜாதகம். ஆகவே ஒரே பிறந்தநாள் என்பதற்காக 60 டாலர் கொடுக்க வேண்டியதில்லை, பட்டியல் இணையத்தில் சும்மா கிடைக்கிறது. யாரை யாருக்குப் பக்கத்தில் வைப்பது, எதற்காக வைப்பது என்கிற அவருடைய தேர்வுக்குத்தான் காசு. மகனின் ஃப்ரேமைக் கையில் வாங்கியபோது அது புரிந்தது.

ராபின்சனை நடுவில் வைத்திருந்தார். வலப்பக்கம் ரயன், இடப்பக்கம் பேங்க்ஸ். பின்னால் இருந்த தாளில் முதல் வரியே என்னைப் பிடித்துக்கொண்டது. 1947 ஏப்ரல் 15, கறுப்பர்களை உள்ளே விடாத பெரிய லீக்கில் ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸுக்காக முதன்முதலாக இறங்கிய நாள். அன்று டெக்ஸாஸில் நோலன் ரயனுக்கு வயது 74 நாள். எங்கள் கணக்கில் இரண்டாம் மாதத் தடுப்பூசி போட்டு, அழுது ஓய்ந்திருக்க வேண்டிய வயது. அந்தக் குழந்தைதான் பிறகு 27 சீசன் பந்து வீசி 5,714 பேரை ஸ்ட்ரைக் அவுட் (பந்தை அடிக்க முடியாதபடி வீசி வெளியேற்றுவது) செய்தது, எதிரணிக்கு ஒரு ஹிட்கூட (பந்தை அடித்து ஒரு பேஸையாவது பத்திரமாகச் சேர்வது) கொடுக்காத ஆட்டங்களை ஏழு முறை ஆடியது. ஏழாவதை ஆடும்போது வயது 44. எனக்கு இப்போது 43; இரண்டு மாடி ஏறினால் முட்டி வலிக்கிறது.

பேங்க்ஸுக்கும் ராபின்சனுக்கும் இருக்கிற தொடர்பு வேறு மாதிரி. கான்சஸ் சிட்டி மொனார்க்ஸ் என்று கறுப்பர்களுக்கான நீக்ரோ லீக்கில் ஒரு அணி. 1945இல் ராபின்சன் அதில் ஆடினார். சில வருடம் கழித்து பேங்க்ஸும் அதே அணியில் ஆடி, 1953 செப்டம்பரில் சிகாகோ கப்ஸுக்கு வந்தார், அந்த அணியின் முதல் கறுப்பு ஆட்டக்காரராக. ஒருவர் உடைத்துத் திறந்த கதவு, அதே தேதியில் பன்னிரண்டு வருடம் பிந்திப் பிறந்த இன்னொருவருக்கு வழியானது. பேங்க்ஸ் 512 ஹோம் ரன் (ஒரே அடியில் எல்லா பேஸையும் சுற்றி வருகிற அடி) அடித்தார், 1958, 1959 என்று அடுத்தடுத்து இரண்டு வருடம் லீக்கின் மதிப்பு மிக்க வீரர் விருது வாங்கினார், 19 சீசன் ஒரே அணியில் இருந்தார். அவ்வளவு காலத்தில் சீசனுக்குப் பிந்திய கோப்பைச் சுற்றில் ஒரு ஆட்டம்கூட ஆடக் கொடுத்து வைக்கவில்லை. அப்படி இருந்தும் ஆள் எப்போதும் சிரித்த முகம். கார்டிலும் பல்லெல்லாம் தெரிகிறது.

மகன் உறையைப் பிரித்ததும், "ஏப்ரல் 15 அன்னைக்கு எல்லாரும் 42ஆம் நம்பர் சட்டை போடுவாங்களே, அவராம்மா?" என்று கேட்டான். அவரேதான். அந்த எண்ணை 1997இல் எல்லா அணிகளிலும் யாருக்கும் கொடுப்பதில்லை என்று எடுத்து வைத்துவிட்டார்கள்.

ஒரு விஷயத்தில் கடைக்காரரின் நேர்மையைச் சொல்ல வேண்டும். ராபின்சனின் அசல் கார்டு ஆயிரக்கணக்கில் விலை போகும். இந்த ஃப்ரேமில் இருப்பது மறுபதிப்பு. அதைத் தாளிலும் எழுதி, கார்டின் பின்னால் ஒரு சின்ன ஸ்டிக்கரும் ஒட்டியிருந்தார். ரயன் கார்டு மட்டும் அசல், 1980களின் பிற்பகுதியில் வந்த சாதாரணக் கார்டு. அந்தக் காலத்தில் கார்டுகளை அச்சடித்துத் தள்ளினார்கள், அதனால் விலையே இல்லை.

ஃப்ரேம் வாங்கப் போனபோது கல்லாவுக்குப் பின்னால் சுவரில் ஒன்று மாட்டியிருந்தது. விற்பனைக்கு இல்லை என்று எழுதியிருந்தது. அதைப் பற்றிக் கேட்டேன், முக்கால் மணி நேரம் போய்விட்டது. (அவசரமாகப் போகிறவர்கள் அந்தச் சுவரைப் பார்க்காமல் இருப்பது நல்லது.)

அதில் இரண்டு கார்டு. ஸ்டான் மியூசியல், பிறப்பு 1920 நவம்பர் 21. கென் கிரிஃபி ஜூனியர், பிறப்பு 1969 நவம்பர் 21. இரண்டு பேரும் பிறந்தது டொனோரா. கடையிலிருந்து காரில் கொஞ்ச தூரம், அதே ஆற்றின் கரையில் இருக்கிற ஊர். இரண்டு பேரும் இடது கையால் அடிப்பவர்கள், இடது கையால் எறிபவர்கள். டொனோராவில் நவம்பர் 21 அன்று பிறந்த இடது கைக்காரர்களில் கிரிஃபிக்கு இரண்டாம் இடம்தான் என்று பேஸ்பால் ஆட்களிடம் ஒரு பழைய ஜோக் இருக்கிறது. கடைக்காரர் அதை என்னிடம் இரண்டு தடவை சொன்னார், இரண்டு தடவையும் அவரே முதலில் சிரித்தார்.

ஜோக்கில் உண்மையும் உண்டு. மியூசியல் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்கு மட்டும் 22 சீசன் ஆடி 3,630 ஹிட் அடித்தார். அதில் சொந்த மைதானத்தில் 1,815, வெளியூர் மைதானங்களில் 1,815. தராசில் நிறுத்தது மாதிரி. கிரிஃபியின் பெருமை ஹோம் ரன்: 630. மியூசியல் 475. 1969இல் மியூசியல் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போனார். அதே வருடம் நவம்பரில், அவருடைய பிறந்தநாளன்றே, கிரிஃபி பிறந்தார். கிரிஃபியின் தாத்தா டொனோரா உயர்நிலைப் பள்ளியில் மியூசியலோடு ஒரே அணியில் ஆடியவர். அப்பா கென் கிரிஃபி சீனியரும் டொனோராதான், அவரும் பெரிய ஆட்டக்காரர். அப்பாவும் மகனும் சியாட்டல் அணியில் ஒன்றாக ஆடியபோது, 1990 செப்டம்பர் 14 அன்று ஒருவர் பின் ஒருவராக ஹோம் ரன் அடித்தார்கள்.

அந்த ஊரின் பெயரை நான் ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தேன், வேறு காரணத்துக்காக. 1948 அக்டோபர் கடைசியில் டொனோராவின் துத்தநாக ஆலை, இரும்பு ஆலைப் புகை மேலே போக முடியாமல் பள்ளத்தாக்கிலேயே ஐந்து நாள் தேங்கி நின்றது. இருபது பேர் செத்துப் போனார்கள். பதினாலாயிரம் பேர் இருந்த ஊரில் கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு உடல்நலம் கெட்டது. காற்று மாசைப் பற்றி எங்களுக்கு நடந்த ஒரு பயிற்சி வகுப்பில் இது முதல் பாடம். அந்த வருடம்தான் மியூசியலுக்கு வாழ்க்கையிலேயே உச்சமான சீசன்: சராசரி (அடிக்கக் கிடைத்த வாய்ப்புகளில் ஹிட் ஆனவற்றின் விகிதம்) 0.376, ஹோம் ரன் 39. சீசன் முடிந்து சில வாரத்தில் சொந்த ஊரில் இப்படி. கடைக்காரர் இதைச் சொல்லும்போது மட்டும் ஜோக் அடிக்கவில்லை. டொனோராவில் இப்போது ஐயாயிரம் பேர்கூட இல்லை.

சரி, குறைக்கு வருகிறேன்.

எங்கள் வார்டின் சார்ஜ் நர்ஸ் மே மாதம் ஓய்வு பெற்றார். சிகாகோவின் தெற்குப் பகுதியில் வளர்ந்தவர், அந்தப் பகுதியின் வொயிட் சாக்ஸ் அணிக்கு வெறியர். பிறந்தநாள் மே 27. நாங்கள் எட்டு பேர் காசு போட்டு ஒரு ஃப்ரேம் சொன்னோம். மே 27 என்பது கடைக்காரருக்கே பிடித்த தேதி, ஏனென்றால் அது வெறும் பிறந்தநாள் ஒற்றுமை இல்லை. ஃபிராங்க் தாமஸும் ஜெஃப் பேக்வெல்லும் 1968 மே 27 அன்று, ஒரே நாளில், பிறந்தவர்கள். ஒருவர் ஜார்ஜியாவில், இன்னொருவர் பாஸ்டனில். வேறு வேறு வயிற்றில் பிறந்த இரட்டையர் என்று நான் சொன்னதை அவர் அப்புறம் தாளிலேயே எழுதிவிட்டார்.

இரண்டு பேரும் முதல் பேஸில் நிற்பவர்கள். தாமஸ் அமெரிக்கன் லீக்கில் சிகாகோ வொயிட் சாக்ஸ், பேக்வெல் நேஷனல் லீக்கில் ஹியூஸ்டன் ஆஸ்ட்ரோஸ். 1994ஐப் பாருங்கள். தாமஸ் சராசரி 0.353, ஹோம் ரன் 38. பேக்வெல் சராசரி 0.368, ஹோம் ரன் 39. ஆகஸ்ட் 10 அன்று பந்து பட்டு பேக்வெல்லின் கை எலும்பு முறிந்தது. அவருடைய சீசன் முடிந்தது என்று எல்லாரும் நினைத்தபோது, ஆகஸ்ட் 12 அன்று ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தம் தொடங்கி எல்லாருடைய சீசனும் முடிந்தது. அந்த வருடம் இரண்டு லீக் சாம்பியன்களும் மோதுகிற வேர்ல்ட் சீரீஸ் இறுதித் தொடரே நடக்கவில்லை. இரண்டு லீக்கின் மதிப்பு மிக்க வீரர் விருதும் அந்த இருவருக்குப் போனது. ஒரே நாளில் பிறந்தவர்கள், ஒரே வருடத்தில், ஒரே விருது.

அடுத்து 2005. வொயிட் சாக்ஸும் ஆஸ்ட்ரோஸும் வேர்ல்ட் சீரீஸில் மோதின. நான்குக்குப் பூஜ்யம் என்று சிகாகோ ஜெயித்தது. இந்த இரண்டு பேரும் பதினைந்து வருடம் காத்திருந்த மேடை அது. ஆனால் தாமஸ் கணுக்கால் முறிவால் ஆடவே முடியாமல் உட்கார்ந்திருந்தார். பேக்வெல்லுக்குத் தோள் போய்விட்டது, பந்தை எறிய முடியாமல் பேட் மட்டும் பிடித்தார். எலும்பு டாக்டர்களிடம் வேலை பார்த்தவளாக இருந்தால் இதற்கு இன்னும் நன்றாக அழுதிருப்பேன்.

தாமஸின் பட்டப்பெயர் "பிக் ஹர்ட்". பெரிய வலி. பிரசவ வார்டிலிருந்து போகிற ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்க மாட்டார் என்று நாங்கள் வாரம் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

விருந்துக்கு மூன்று நாள் முன்னால் ஃப்ரேமை வாங்கினேன். கடைக்காரர் அன்று இல்லை, உதவிப் பையன்தான் சுற்றிக் கொடுத்தான். வீட்டில் வந்து பிரித்துப் பார்த்தால் பேக்வெல் சரி. பக்கத்தில் ஃபிராங்க் தாமஸ் என்று பெயர் போட்டு ஒரு வெள்ளைக்காரர் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் சட்டையில் நிற்கிறார்.

எனக்கு முதலில் உறைக்கவில்லை. பெயர் சரியாக இருக்கிறது, அப்போது எனக்குத் தாமஸ் கறுப்பரா வெள்ளையரா என்றுகூடத் தெரியாது. சிகாகோ ஆள் என்றார்களே, சட்டை பிட்ஸ்பர்க்காக இருக்கிறதே என்று லேசாக ஒரு உறுத்தல். அவ்வளவுதான். அட்டையைக் கழற்றிக் கார்டைத் திருப்பினேன். பழக்க தோஷம். பின்னால் பிறந்த தேதி: 1929 ஜூன் 11.

தவறான நோயாளி! வேறு எப்படிச் சொல்வது?

கடைக்குப் போன் செய்தேன். கடைக்காரர் எடுத்தார். தேதியைப் படித்துக் காட்டியதும் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "இந்த ஊரில் ஃபிராங்க் தாமஸ் என்று சொன்னால் கை தானாக அந்தப் பெட்டிக்குத்தான் போகும்" என்றார். பையனைக் காட்டிக் கொடுக்கவில்லை, அது எனக்குப் பிடித்திருந்தது. மறுநாள் மாலை போனேன். சரியான கார்டு வைத்த ஃப்ரேம் தயாராக இருந்தது, புதுத் தாளோடு. கூடுதல் காசு வாங்கவில்லை. ஆனாலும் இது சின்னத் தவறு இல்லை. பிறந்த தேதியை விற்கிற கடை, கார்டைத் திருப்பி அந்தத் தேதியைப் பார்க்காமல் கட்டிக் கொடுக்கக் கூடாது. நான் கவனிக்காமல் போயிருந்தால், வொயிட் சாக்ஸ் ரசிகர் ஒருவரின் கையில் எல்லார் முன்னாலும் ஒரு பைரேட்ஸ் கார்டு போயிருக்கும். இதற்காக ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன். இனிமேல் ஃப்ரேமை மூடும் முன்பு பெயரையும் தேதியையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள், ஒருவர் படிக்க ஒருவர் கேட்க வேண்டும் என்று யோசனையும் சொல்லிவிட்டு வந்தேன். அவர் அதை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டார்.

அந்தப் பழைய தாமஸ் யார் என்றும் அன்று தெரிந்தது. பிட்ஸ்பர்க்கிலேயே பிறந்து 1950களில் பிட்ஸ்பர்க்குக்கே ஆடியவர். 1962இல் நியூயார்க் மெட்ஸ் என்ற புது அணி 120 ஆட்டம் தோற்றுத் தலைகுனிந்த வருடம், அவர் மட்டும் 34 ஹோம் ரன் அடித்தார். யார் எவ்வளவு வேகமாக எறிந்தாலும் கையுறை இல்லாமல் வெறுங்கையால் பிடிப்பேன் என்று பந்தயம் கட்டுவாராம். 2023இல், 93 வயதில் காலமானார். அந்தக் கார்டைக் கடைக்காரர் என் மகனுக்கே கொடுத்துவிட்டார். இப்போது எங்கள் வீட்டில் "அந்த ஃபிராங்க் தாமஸ்" என்றே பெயர்.

பேச்சோடு பேச்சாக அவர் காட்டிய இன்னொன்று. இளைய தாமஸுக்கு டாப்ஸ் என்கிற கார்டு நிறுவனம் போட்ட 1990ஆம் வருடக் கார்டில் அச்சுக் கோளாறால் சில பிரதிகளில் முன்பக்கம் பெயரே விழவில்லை. பெயர் இல்லாத அந்தக் கார்டுக்குத்தான் இன்று பெரிய விலை. அவரிடம் இருப்பது படம் மட்டும். கைப்பட்டை இல்லாத குழந்தைக்கு அதிக மதிப்பா என்று கேட்டேன். புரியவில்லை, விளக்கினேன், அப்புறம் சிரித்தார்.

தேதிகளில் இருக்கிற சிக்கல் அவருக்குத் தெரியாததில்லை. பழைய காலத்து ஹோம் ரன் மன்னன் பேப் ரூத் தன் பிறந்தநாள் 1894 பிப்ரவரி 7 என்றே நம்பியிருந்தார். 1934இல் ஜப்பான் பயணத்துக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் பிறப்புச் சான்றிதழைத் தேடியபோது 1895 பிப்ரவரி 6 என்று இருந்தது. நாற்பது என்று நினைத்திருந்தவருக்கு முப்பத்தொன்பதுதான். இந்தக் கடையில் பிப்ரவரி 7 கேட்டால் ரூத் கிடைக்க மாட்டார், 6ஆம் தேதிக்குத்தான் வருவார். ஒரு நாள் முந்தி 5ஆம் தேதி கேட்டால் ஹாங்க் ஆரன். ரூத்தின் 714 ஹோம் ரன் சாதனையை உடைத்தவரே அவர்தான், அவ்வளவு பக்கத்தில் பிறந்திருக்கிறார். பிப்ரவரி 29க்கும் ஆள் வைத்திருக்கிறார்: பெப்பர் மார்ட்டின், ஆல் ரோசன். அந்தத் தேதியில் பிரசவம் ஆகிவிடக் கூடாதே என்று கெஞ்சுகிற தாய்மார்களிடம் இனி சொல்ல எனக்கு இரண்டு பெயர் கிடைத்தது.

மற்றவை சுருக்கமாக. ஃப்ரேமின் கண்ணாடி உண்மையில் பிளாஸ்டிக், துணியால் துடைத்தால் கீறல் விழுகிறது. மாட்டும் கொக்கி லேசு, நான் மாற்றிவிட்டேன். பின்பக்கத் தாளின் எழுத்து பொடி. ஆனால் அதுதான் இந்தப் பொருளின் உயிர், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஞாயிறும் திங்களும் விடுமுறை. வாகனம் நிறுத்தத் தெருவில்தான் இடம், மீட்டருக்குச் சில்லறை வேண்டும்.

நம் ஆட்களுக்கு மட்டும் ஒன்று: ஆர்டர் சீட்டில் மாதத்தை எழுத்தில் எழுதுங்கள். ஜூன் 5 என்று நினைத்துக்கொண்டு நம் வழக்கப்படி 5/6 என்று போட்டால், இங்கே அதை மே 6 என்று படிப்பார்கள். பத்து நாள் கழித்து, மே 6 அன்று பிறந்த ஜாம்பவான் வில்லி மேஸ் வந்து நிற்பார்.